துண்டு போட்ட நாற்காலி

ஒரு கதவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான், அது தான்தான் என்பார் கண்டக்டர். ஏதோ நாலு வார்த்தை என்று நினைத்துவிடக் கூடாது. போவதற்கும் போய்விட்டு வருவதற்கும் என்ன வித்தியாசம் என்பதுவரை கரைத்துப் புகட்டினாராம். எட்டாம் வகுப்பிலேயே வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்திய அவர் மச்சானுக்குக் கடைசிவரை ஏறாத இலக்கணம், அந்தக் கதவுக்கு ஒரே வாரத்தில் ஏறிவிட்டதாம்.

பேரக்குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழந்தையை மறந்துவிட்டு இந்தக் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மாமா விடுற ரீலை வெச்சு ஏழு தியேட்டர்ல படம் ஓட்டலாம்" என்று மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று சொல்வார். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர். கதவுகளோடுதான் அவர் பிழைப்பு. ஒரு கதவு திறக்கவில்லையென்றால் மரம் ஊதியிருக்கும், கீல் இறங்கியிருக்கும், பூட்டு கெட்டிருக்கும், இல்லையென்றால் இழுக்கிறவனுக்குத் தெம்பில்லை. இந்த நாலைத் தவிர ஐந்தாவது காரணம் கிடையாது என்பது அவருடைய வேதம்.

கண்டக்டர் நிஜமாகவே கண்டக்டர். மீசை முளைத்த புதிதில் டவுன் பஸ்ஸில் ஏறியவர், ஓய்வு பெற்றுத்தான் இறங்கினார். அவர் விசிலுக்குப் பஸ் மட்டுமல்ல, முன்னால் போன லாரி, ஓரமாக மேய்ந்த மாடு, ஒருமுறை மேலே பறந்த விமானம்கூடச் சற்றுத் தயங்கியதாகக் கேள்வி. அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். துண்டு போட்ட இடம் துண்டுக்காரனுக்கு. ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போனவன் திரும்பும்வரை, அங்கே தாசில்தாரே வந்தாலும் உட்கார முடியாது. "துண்டுன்னா வாக்கு சார். ஆள் வருவான்" என்பார். ஆளும் வந்துவிடுவான்.

மகளுக்குத் தலைப்பிரசவம் என்றதும் கண்டக்டரும் அவர் மனைவியும் மூட்டை கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறினார்கள். விமானத்தில் கழிப்பறைக்குப் போகும்போது சீட்டில் துண்டு போட்டுவிட்டுத்தான் போனார். பணிப்பெண் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். இறங்கும்வரை அவளோடு அவர் பேசவில்லை.

மகள் குடியிருந்தது பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். லிஃப்டிலிருந்து இறங்கினால் நீளமான நடைபாதை. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கு எரியும். எரிந்தும் வெளிச்சம் தரையைத் தொடாது. நனைந்து காயாத கம்பளியின் வாடை. நடந்தால் காலடிச் சத்தத்தைத் தரைவிரிப்பு விழுங்கிவிடும். பின்னால் மனைவி வருகிறாளா என்று கண்டக்டர் ரெண்டு தடவை திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசிக் கதவுதான் அவர்கள் வீடு. மாப்பிள்ளை சாவியை முழுசாகத் திருகவில்லை. அதற்குள் கதவு தானே உள்வாங்கியது.

"நல்லா எண்ணெய் போட்டு வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை."

"எண்ணெயே போட்டதில்ல மாமா. உள்ள வர்றதுக்கு எப்பவும் இப்படித்தான். வெண்ணெய் மாதிரி."

உள்ளே நுழைந்ததும் கைப்பிடி வைத்த ஒரு பிரம்பு நாற்காலி. வீட்டோடு வந்தது, யாருடையதென்று தெரியாது என்றாள் மகள். செருப்பு மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறாளாம். கண்டக்டர் கண்ணில் பட்டது ஒன்றுதான். நாற்காலி சுவரைப் பார்த்து இல்லை, கூடத்தைப் பார்த்தும் இல்லை.

கதவைப் பார்த்துப் போட்டிருந்தது.

அவர் மனைவி அன்றைக்கே அதைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள். காலையில் அது கதவருகே இருந்தது. கணவர்தான் நகர்த்தினார் என்று அவள் முறைத்தாள். அவள்தான் நகர்த்தினாள் என்று அவர் முறைத்தார். கல்யாணமாகி இவ்வளவு காலம் ஆனவர்கள் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதில்லை.

நாட்கள் நகர்ந்தன. காலையில் மாப்பிள்ளை லிஃப்ட் வேலைக்குப் போவார். மகள் துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு சரிசெய்கிற கடையில் வேலை பார்த்தவள், இப்போது விடுப்பில் இருந்தாள். ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் போகும், வரும். ஒன்றிலும் கண்டக்டர் கிடையாது. டிரைவரே கதவைத் திறந்து, டிரைவரே மூடி, ஒரு விசில் கிடையாது, 'உள்ள போ, உள்ள போ' கிடையாது. வாயில்லாப் பிள்ளைகள் ஊர்வலம் போவதுபோல அதைப் பார்த்துப் பார்த்துக் கண்டக்டருக்கு மூச்சு முட்டியது. வாழ்நாள் முழுவதும் ஓடுகிற வண்டியில் நின்ற மனுஷனை ஓடாத வீட்டில் உட்கார வைத்தால் வேறென்ன ஆகும்?

ஒரு நாள் மகளும் மனைவியும் டாக்டரிடம் போயிருந்தார்கள். கண்டக்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நடை நடந்து வரலாம் என்று கிளம்பினார். கதவை இழுத்தார்.

வரவில்லை.

ஓடுகிற பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு எட்டுப் பேரை ஒற்றைக் கையால் உள்ளே தள்ளிய கை அது. ரெண்டு கையாலும் இழுத்தார். கதவு சுவரோடு சுவராக நின்றது. பூட்டைப் பார்த்தார், திறந்துதான் இருந்தது. திரும்ப வந்து சோபாவில் உட்கார்ந்து, வெளியே போகவே விருப்பமில்லாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அவர்கள் வந்ததும் கதவு வெண்ணெய்போலத் திறந்தது. உள்ளே வந்த கையோடு மனைவி குப்பைப் பையை எடுத்தாள். "குப்பையைப் போட்டுட்டு வரேன்" என்று பொதுவாகச் சொன்னாள். ஒற்றை விரலால் இழுத்தாள். திறந்தது.

மறுநாளும் அப்படியே. அவர் இழுத்தால் மலை. அவள் "கீழ வரைக்கும் போயிட்டு வரேன்" என்று முனகிக்கொண்டு இழுத்தால் திரைச்சீலை. கண்டக்டருக்குச் சந்தேகம் தட்டியது. பெண்கள் ரெண்டு பேரும் மறுபடி டாக்டரிடம் போன ஒரு மத்தியானம், கதவுக்கு எதிரே நின்று பரீட்சை நடத்தினார்.

"கிளம்புறேன்" என்றார். கதவு அசையவில்லை.

"போறேன்" என்றார். கதவு இன்னும் இறுகியதுபோல இருந்தது.

"ரைட், ரைட்!" என்று விசிலே அடித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம்.

"போயிட்டு வரேன்."

நாக்கை மேலண்ணத்தில் தட்டியதுபோல ஒரு சின்னச் சத்தம். கதவு விலகியது.

கண்டக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூடினார், சொன்னார், திறந்தது. மூடினார், சுருக்கி "வரேன்" என்று மட்டும் சொன்னார், திறந்தது. அட, பாஸாயிட்டியே! உற்சாகம் தலைக்கேறி, கூடத்தைத் திரும்பிப் பார்த்து, வீட்டில் பெரியவர்களிடம் விடைபெறுகிறவர்போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்போ நான் வரட்டுமா?"

"ம்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

குரல் ரொம்பப் பக்கத்தில் இருந்து வந்தது. இடுப்பு உயரத்தில் இருந்து. உட்கார்ந்திருக்கிற ஒருவரின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் இருந்து.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கண்டக்டர் கையை நீட்டிப் பிரம்பைத் தொட்டார்.

சூடாக இருந்தது.

அன்று சாயங்காலம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மகளிடம் மெதுவாகக் கேட்டார். "கதவு விஷயம் உனக்குத் தெரியுமாம்மா?"

மகள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

"தெரியும்பா."

"எப்பருந்து?"

"வந்ததுல இருந்தே. காலைல அவர் 'வரேன்மா'ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போவார். அவருக்குத் திறக்கும். அப்புறம் நான் கிளம்பணும். வீட்டுல யாரு இருக்கா? யார்கிட்ட சொல்லிட்டுப் போறது? சொன்னாத்தான் திறக்கும்னு அப்பத் தெரியாது, பேசாம இழுப்பேன். வராது. கடைக்குப் போன் பண்ணி காய்ச்சல்னு சொல்லிடுவேன். ஒரு மாசத்துல எத்தனை காய்ச்சல்தான்பா சொல்றது?"

"பகல் பூரா என்ன பண்ணுவ?"

"அந்த நாற்காலிக்கு எதிர்ல உட்கார்ந்திருப்பேன். அவர் வர்ற வரைக்கும். நானும்… அதுவும்."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். கதவுல ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் தனியா இருந்து இருந்து மனசு சரியில்ல, டாக்டரைப் பார்க்கலாம்னார். அதுக்கப்புறம் சொல்லல."

கண்டக்டர் ஜோக் அடிக்காமல் இருந்த சாயங்காலங்கள் அவர் வாழ்க்கையில் மிகக் குறைவு. அதில் ஒன்று அது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, "யாரோ வரேன்னு சொல்லிட்டுப் போய், வராமலே இருந்திருக்காங்க. அதுதான் உட்கார்ந்திருக்கு" என்றார்.

"நம்ம பாஷை அதுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நீங்கதான் கத்துக்கொடுத்தீங்க. தினம் காலைல வரேன், சாயங்காலம் வந்தாச்சு. கேட்டுக் கேட்டு அர்த்தம் பிடிச்சுக்கிச்சு. மிச்சப் பாடம் இன்னிக்கு நான் எடுத்தேன்."

மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் சோற்றுப் பருக்கை புரையேறச் சிரித்தார். "சரி, வாயைத் திறக்காம கதவைத் திறங்க பார்ப்போம்" என்றார் கண்டக்டர். மாப்பிள்ளை எழுந்து போய் இழுத்தார். முகம் சிவந்தது. "மரம் ஊதியிருக்கு மாமா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை கருவிப் பையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். விளிம்பை இழைத்தார், கீலுக்கு எண்ணெய் விட்டார், பூட்டையே முழுசாகக் கழற்றித் தரையில் வைத்தார். பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாக நடைபாதை தெரிந்தது. அப்போதும் கதவு அசையவில்லை.

"நிலை சாய்ஞ்சிருக்கு" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

உள்ளேயிருந்து அவருடைய மாமியார் பையோடு வந்தாள். "பால் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்." பூட்டு இல்லாத ஓட்டையில் விரலை விட்டு இழுத்தாள். கதவு மரியாதையாக ஒதுங்கியது.

"காத்து" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாமா, காத்துதான். நல்லா தமிழ் பேசுற காத்து" என்றார் கண்டக்டர்.

வேறு வீடு பார்க்கச் சொல்லி மாமியார் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். பிரசவம் முடியட்டும் அத்தை, வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு வீடு மாற்ற முடியுமா என்றார் மாப்பிள்ளை. அதுவும் நியாயம்தான். வாயில் இருக்கிறது வழி, 'வரேன்' என்று சொன்னால் முடிந்தது என்று எல்லாரும் பழகிக்கொண்டார்கள். மனுஷனுக்குப் பழகாதது எது? புலியோடு குடித்தனம் வைத்தாலும் மூன்றாம் நாள் வாலை மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொள்வான்.

ஆனால் சொன்னவர்கள் எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அதுவரைக்கும்.

ஒரு நாள் காலை மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊரில் வேலை. ஏதோ ஹோட்டலில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. செருப்பை மாட்டினார். மாமனாரைப் பார்த்துக் கண்ணடித்து, காலி நாற்காலிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார். "ஐயா, சாமி, சாயங்காலம் டாண்ணு வந்துடறேன்!"

கதவு திறந்தது.

சாயங்காலம் அவர் வரவில்லை. மழையில் பாதையை மூடிவிட்டார்கள். அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்பி வருகிறேன் என்று மகளுக்குப் போன் செய்தார். மகள் சரி என்றாள். நாற்காலியிடம் யாரும் சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிரம்பு முனகத் தொடங்கியது. உட்கார்ந்திருக்கிற ஆள் எடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைப்பதுபோல. கம்பளி வாடை கூடத்துக்குள் வந்துவிட்டது. மூவரும் ஒரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

காலையில் பார்த்தால் நாற்காலி வாசல் கதவோடு ஒட்டிக் கிடந்தது. முட்டிக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல்.

மனைவி அதை நகர்த்திவிட்டு, "பால் வாங்கிட்டு வரேன்" என்றாள். கதவு திறக்கவில்லை. "போயிட்டு வரேன்" என்று முழுசாகச் சொன்னாள். திறக்கவில்லை. கண்டக்டர் சொன்னார். மகள் சொன்னாள்.

பதிலுக்கு ஒரு 'ம்' கூட வரவில்லை.

அன்றைக்கென்று பார்த்து, மத்தியானம் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "அம்மா" என்றாள். தரை நனைந்திருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போனது. வருகிறோம் என்றார்கள். மாப்பிள்ளைக்குப் போன் போனது. கட்டடத்துக்குக் கீழேதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"மாப்பிள்ளை, நான் சொல்றதை மட்டும் கேளுங்க" என்றார் கண்டக்டர். "வெளியிலேருந்து கதவைத் திறங்க. உள்ள வராதீங்க. பிடிச்சுக்கிட்டு அங்கேயே நில்லுங்க. நான் அவளைத் தூக்கிட்டு வரேன். புரியுதா? உள்ள வராதீங்க!"

"சரி மாமா, சரி."

கதவு திறந்தது. நடைபாதையின் மங்கல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டுதான் நின்றார். உள்ளேயிருந்து மகள் அலறினாள். எந்தப் புருஷன் நிற்பான்? கனமான கருவிப் பையை நிலைக்கும் கதவுக்கும் நடுவே கிடத்திவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை! கதவு!"

பை மெதுவாக உள்ளே நகர்ந்தது. யாரோ காலால் ஒதுக்குவதுபோல, அவசரமே இல்லாமல்.

கதவு மூடிக்கொண்டது.

இப்போது நாலு பேரும் உள்ளே.

கொஞ்ச நேரத்தில் நடைபாதையில் பூட்ஸ் சத்தம். ஆம்புலன்ஸ்காரர்கள். கதவைத் தட்டினார்கள். உள்ளே நாலு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மாப்பிள்ளை ரெண்டு கையாலும் கதவை அறைந்தார். வெளியே தட்டல் நின்றது. ஒரு ஆள் ஏதோ கேட்டான். பிறகு 'நன்றி' என்று சொன்னான்.

யாருக்கு நன்றி?

பூட்ஸ் சத்தம் விலகிப் போனது. லிஃப்ட் இறங்கியது. திரும்பப் போன் போட்டால், வேறு வண்டி அனுப்ப நேரமாகும் என்றார்கள். அப்புறம் விசாரித்தபோது அவர்கள் சத்தியம் செய்தார்கள்: கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வயதான குரல், அவர்கள் பாஷையிலேயே, ரொம்ப மரியாதையாக, எல்லாரும் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள் என்று சொன்னதாம்.

மாப்பிள்ளை கடப்பாரையை எடுத்தார். நிலை இடுக்கில் கொடுத்து நெம்பினார். கடப்பாரை நழுவி அவர் முழங்கையைக் கிழித்தது. திரும்ப நெம்பினார். ஒவ்வொரு நெம்புக்கும் பின்னால் நாற்காலி முனகியது.

"காத்துதானே? சொல்லுங்க, காத்துதானே?" என்று மாமியார் அழுதுகொண்டே கேட்டாள். மாப்பிள்ளை திரும்பவும் நெம்பினார்.

மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அப்பா, பிள்ளை இங்கேயே பிறந்தா அதுவும் வெளிய போக முடியாதாப்பா?" என்றாள்.

கண்டக்டர் திரும்பினார். நாற்காலியைப் பார்த்தார். பிரம்பு நடுவில் குழிந்திருந்தது, ஆள் உட்கார்ந்தால் குழிவதுபோல.

ஒருத்தன் வரேன்னு சொல்லிட்டு வரலை. அதுக்கப்புறம் யார் சொல்லும் எடுபடாது. சரி. சொல் செல்லாத இடத்தில் எது செல்லும்?

அவர் கை தானாகத் தோளுக்குப் போனது.

பழைய துண்டு. மூலை கிழிந்து, மகள் சிவப்பு நூலில் ஒட்டுப்போட்டுக் கொடுத்தது. அதை எடுத்து உதறினார். நாற்காலி முன்னால் போய் நின்றார். ஐயா என்பதா அம்மா என்பதா தெரியவில்லை. பஸ்ஸில் முகம் தெரியாத பயணிகளைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்.

"இந்தாங்க. கொஞ்சம் எந்திரிங்க."

துண்டை ரெண்டு கையிலும் விரித்துப் பிடித்தார்.

"இது துண்டு போடுற இடம். நான் துண்டு போடப்போறேன். துண்டுன்னா என்னன்னு தெரியுமா? ஆள் வருவான்னு அர்த்தம். என் சர்வீஸ்ல துண்டு போட்டுட்டு வராதவன் கிடையாது. நீங்க உட்கார்ந்து காத்திருந்தது போதும். இனிமே இந்தத் துண்டு காத்திருக்கும். எந்திரிங்க."



பிரம்பு முனகியது.

ரொம்ப மெதுவாக, மூட்டு வலிக்காரர்கள் கைப்பிடியை ஊன்றி எழுவார்களே, அதைப்போல. குழிந்திருந்த பிரம்பு இழை இழையாக மேலே வந்து மட்டமானது. ஏதோ ஒன்று கண்டக்டரின் முழங்கையை உரசிக்கொண்டு ஒதுங்கி நின்றது. கம்பளி வாடை முகத்தில் அடித்தது.

கண்டக்டர் துண்டைப் போட்டார். சுருக்கம் இல்லாமல், நாலு மூலையும் விரித்து.

நாக்கைத் தட்டியதுபோல ஒரு சத்தம். கதவு விலகியது.

"ரைட்!" என்று கத்தினார். "இறங்குங்க, இறங்குங்க, சீக்கிரம்!" மாப்பிள்ளை மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாமியார் பின்னால் ஓடினாள். பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்குவதுபோலக் கண்டக்டர் கடைசியாக இறங்கினார். நடைபாதையில் பாதி தூரம் வந்திருப்பார்கள். பின்னாலிருந்து, அவர் மனைவியின் குரலையே கடன் வாங்கிப் பேசுவதுபோல, ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, ஒன்று சொன்னது.

"போயிட்டு… வாங்க."

மனைவி அவர் கையை நசுக்கிப் பிடித்தாள். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

மாப்பிள்ளை தன் வண்டியை விரட்டினார்; ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் பேரன் பிறந்துவிட்டான். அவன் போட்ட முதல் அழுகையில் மூன்று மாடிக்குக் குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டதாகக் கண்டக்டர் சொல்வார். அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

மாப்பிள்ளை வேறு வீடு பார்த்தார். தரைத்தளம், புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு. பழைய வீட்டுச் சாமான்களை எடுத்துவர ஆட்களோடு போனவர் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார்.

"நாற்காலி?" என்றார் கண்டக்டர்.

"அது அந்த வீட்டோடது மாமா. அங்கேயே விட்டுட்டேன்."

"அப்பாடா. துண்டும் அது மேலதானே இருக்கு?"

"அந்தக் கிழிசலா? குப்பைத்தொட்டில போட்டுட்டேன்."

கண்டக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளை, துண்டை எடுத்தா என்ன அர்த்தம் தெரியுமா? ஆள் வரமாட்டான்னு அர்த்தம்."

"மாமா, கதவு இறுகியிருந்துச்சு. நான் நெம்பினதுல இளகி, கடைசியில திறந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது. ஆம்புலன்ஸ்காரன் வேற வீட்டைத் தட்டியிருப்பான். நீங்க பெரியவங்க, சொல்லிக்கிட்டே இருங்க, நாங்க கேட்டுச் சிரிக்கிறோம்."

அன்றிலிருந்துதான் குழந்தை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமனார் கதை சொல்வதும், மாப்பிள்ளை பக்கத்தில் நின்று சிரிப்பதும். புது வீட்டில் கதவு எல்லாருக்கும் திறந்தது. சொன்னாலும் திறந்தது, சொல்லாவிட்டாலும் திறந்தது. கண்டக்டரே கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். பேரனுக்குத் தலை நின்றதும் அவரும் மனைவியும் ஊர் திரும்பினார்கள்.

திரும்பிய சில வாரத்தில் ஒரு பகல் நேரம் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மாப்பிள்ளை. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கிளம்பும்போது உங்க துண்டை இங்க மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லையே. ரெண்டு துண்டு கொண்டுவந்தேன். ஒண்ணு தோள்ல கிடக்கு. இன்னொண்ணு நீங்க போட்டது."

"மூலைல சிவப்பு நூல் தையல் இருக்குமே…"

"அதுதான் நீங்க குப்பைல போட்டது."

கண்டக்டர் தோளில் கிடந்த துண்டை இறுகப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, அது இப்ப எங்க இருக்கு?"

"நாற்காலி மேல."

கண்டக்டர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. எந்த நாற்காலி என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "சூடா இருக்கு மாமா."

"மகளும் பிள்ளையும் எங்க?"

"கடைக்குப் போயிருக்காங்க. சொல்லிட்டுத்தான் போனா. போயிட்டு வரேன்னு. நான்தான் உள்ள இருக்கேன். கண்ணாடிக் கதவு மாமா, வெளிய ரோடு தெரியுது, பஸ் போறது தெரியுது. சுத்தியலால அடிச்சுட்டேன். கீறல்கூட விழல."

"வரேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு?"

போனுக்குள், கடல் தாண்டி, ஒரு பிரம்பு நாற்காலி எடை மாற்றி முனகுவது கண்டக்டருக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்க மக குரல்ல பேசுது மாமா. 'போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க'ன்னு சொல்லுது."

இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கண்டக்டர் எவ்வளவோ நாளாகக் காத்திருந்தார். கேட்கும்போது கேலி செய்ய வேண்டும், மீசையை முறுக்க வேண்டும், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தார். இப்போது மெதுவாகத்தான் கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்த வீட்டுல நடந்தது…"

"நடந்தது மாமா" என்றார் மாப்பிள்ளை. "நீங்க சொன்னது எல்லாமே நடந்தது."